பொப்பி சொறிவதை நிறுத்திய வாரம்

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அமிர்தநாதன் அதைக் கவனித்தார். டயகமத் தேயிலைத் தோட்டத்தில் மாசிக் குளிர் ஆளைச் சும்மா விடாது. புல்லின் மேல் உப்பைத் தூவிவிட்டதுபோலப் பனி உறைந்து கிடந்தது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற அவசரத்தில் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வாசலில் நின்று பல் துலக்கினார்கள், பிள்ளைகளை அதட்டினார்கள், எவர் வாயைத் திறந்தாலும் வார்த்தைக்கு முன்னால் புகை வந்தது. தொழுவத்து மாட்டுக்கு மூக்கிலிருந்து இரண்டு புகை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குரைத்துக்கொண்டிருந்த கறுப்பு நாய்க்குக் குரைப்புக்கு ஒரு புகை. அவர் தேத்தண்ணிக் கோப்பையை இஸ்தோப்புத் திண்ணைக் கட்டையில் வைத்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்திருந்த பொப்பியைப் பார்த்தார். அது வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு இருந்தது. பல் இருந்தது. புகை இல்லை.

குனிந்து உள்ளங்கையை அதன் வாய்க்கு நேரே பிடித்தார். சூடு எதுவும் படவில்லை. தன் கைதான் மரத்துப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டார். வயது அறுபதாகப் போகிறது, மரக்காமல் என்ன செய்யும்.

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து மீனம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடி வெளியே வந்தாள்.

“என்னண்ணே, ரெண்டு ராவா நாய் சொறியிற சத்தமே கேக்கல?”

“சொகமாயிருச்சும்மா.”

“மயிரு கூட வந்திருச்சே. பாருங்க, ஒரு ஈ மொய்க்கல. எந்த டாக்குத்தரு மருந்து?”

“டவுன்ல குடுத்ததுதான்.”

பொய் சொன்னபோதும் அவர் வாயிலிருந்து புகை ஒழுங்காகத்தான் வந்தது.

பொப்பி அவருடைய நாய் அல்ல. அவர் மனைவி பெற்றீசியாவின் நாய். பங்களாச் சமையல்காரி கொடுத்த குட்டி. வெள்ளை நிறம், நன்றாகத் தின்ற பூனை அளவுதான் இருக்கும். பெற்றீசியா அதைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு ஜெபக் கூட்டத்துக்குக்கூடப் போவாள். போன மாசியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சளிதானே என்று அமிர்தநாதன் கற்பூரத் தைலம் தேய்த்தார், கஷாயம் வைத்தார், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு லொறி பிடித்துப் போகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது மகள் டெல்சி அவரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீங்க என்ன டாக்டரா?” சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஆறியிருக்கும்.

டெல்சி ஒரே பிள்ளை. கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். அதன் பிறகு ஒரு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை, நத்தார்ப் பண்டிகைக்கும் வரவில்லை. கடை மூடிய பிறகு போனில் கோல் எடுப்பாள். “பொப்பி எப்புடி இருக்கு?” என்பாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கமாட்டாள். அவரும் அந்த நாயின் சுகத்தைச் சொல்லிச் சொல்லியே மகளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன நாய் ஒன்றுதான் இரண்டு பேருக்கும் நடுவில் பாலமாகக் கிடந்தது.

அதற்குத்தான் மார்கழியில் சொறி வந்தது. முதலில் காது ஓரம், பிறகு முழங்கை, பிறகு வயிறு. இரவில் அது பின்னங்காலால் சொறியும்போது கால் பலகையில் அடிபட்டு டக் டக் டக்கென்று லயம் முழுக்கக் கேட்கும். மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தோல் யானைத் தோல்போலத் தடித்து, வெடித்து, இரத்தம் கசிந்தது. டெல்சியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு போங்க. அவங்க குடுக்குறத மட்டும் போடுங்க. அம்மாவுக்குப் பண்ண மாதிரி நீங்களா எதுவும் பண்ணாதீங்கப்பா.”

போனார். டவுனில் மிருக வைத்தியர் சிவதர்சினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, டெல்சியை விட நாலைந்து வயது கூட இருக்கும். பிளேடால் பொப்பியின் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து அவரைக் கூப்பிட்டார்.

“இதுதான் ஐயா ஆள். வடிவாப் பாருங்கோ.”

அமிர்தநாதன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

“தோலுக்குள்ள குழி தோண்டி முட்டை போடுற பூச்சி. நான் தாற மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிக்கப் பொரிக்கத் திருப்பித் திருப்பிக் குடுக்கவேணும். எட்டுக் கிழமை, ரெண்டு மாதம் எண்டாலும் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. ஆக்களுக்கும் தொத்தும், படுக்கையில மட்டும் ஏத்திப்போடாதேங்கோ.”

அவர் காதில் பாதிதான் விழுந்தது. அவர் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார். உருண்டை உடம்பு, குட்டைக் கால், எட்டு. இது அவருக்குத் தெரிந்த ஆள். முப்பது வருடம் முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து தேயிலைக்கு மருந்து அடித்தவர் அவர். வெயில் காலத்தில் இலையை வெண்கல நிறமாக்குகிற சிவப்புச் சிலந்தியைச் சுப்பவைசரின் பூதக்கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். அதற்கும் எட்டுக் கால். மலை மலையாக அதைக் கொன்ற மனுசனுக்கு ஒரு பூனை அளவு நாயின் முதுகில் இருப்பதைக் கொல்லத் தெரியாதா?

இருந்தாலும் பொறுத்தார். ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார், கழுவினார், சாக்கைக் கொதிநீரில் அவித்தார். கொஞ்சம் ஆறும், மறுபடி வெடிக்கும். டெல்சி அம்மாவின் வருடப் பூசைக்கு வருவதாகச் சொன்னபோது ஒரு வாரம்தான் இருந்தது. “பொப்பிய பாக்கணும்போல இருக்குப்பா” என்றாள். அன்று பொப்பி கழுத்திலிருந்து வால் வரை பச்சைப் புண்ணாக நின்றது.

லயத்தில் தோட்டம் போடுகிற எவர் வீட்டிலும் அந்தப் போத்தல் இருக்கும். மலைக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தைப் பழைய சாராயப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து, கட்டிலுக்கடியில் வைத்து, போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் அடிப்பார்கள். பேர் எழுதியிருக்காது. பேர் எதற்கு, வாசனையே சொல்லும். ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு அமிர்தநாதன் அந்தப் போத்தலை எடுத்தார். டாங்கிக்கு இரண்டு மூடி போடுவது வழக்கம். இலையை விடத் தோல் தடிப்பு என்று கணக்குப் போட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கே ஒரு மூடி ஊற்றினார். குளிருமே என்று தண்ணீரை வெதுவெதுப்பாக வேறு வைத்திருந்தார்.

பொப்பி அசையாமல் நின்றது. காது மடலுக்குள் தேய்த்தபோதும், புண்ணில் பட்டபோதும் நின்றது. முடிந்ததும் தன் முன்னங்காலை நக்கியது.

அரை மணி நேரத்தில் அது நடுங்கத் தொடங்கியது. வாயில் நுரை வந்தது. விழுந்து, படுத்தபடியே ஓடுவதுபோல நாலு காலையும் உதைத்தது. அவர் பால் ஊற்றினார், தேங்காய்ப் பால் ஊற்றினார், அடுப்புக் கரியைக் கரைத்து ஊற்றினார். டாக்டருக்கு கோல் எடுக்கவில்லை. எடுத்தால் ‘என்ன போட்டீங்கள்’ என்று கேட்பார். மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி லயத்தை மூடியபோது கால் உதைப்பு நின்றது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்க முடியாமல் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நாய்க்காக மட்டும் அழவில்லை.

அன்று சாயங்காலமே கொல்லையில் மரத்தக்காளி மரத்தடியில் சின்னதாக ஒரு குழி வெட்டினார். வெட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. விடிந்ததும் புதைக்கலாம் என்று பொப்பியைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் கிடத்தினார். விறைத்திருந்தது. கழுத்து மடங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் எழுந்து வந்தபோது சாக்கு காலியாகக் கிடந்தது. பொப்பி பின் கதவோரம் நின்று வாலை ஆட்டியது.

மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அவர் சத்தம் போட்டு அழுதார். உயிர் போகவில்லை, மயக்கம்தான், நான்தான் அவசரப்பட்டேன், மாதாவே, இந்த ஒரு தடவை என்னைக் கைவிடவில்லை. மெழுகுதிரி ஏற்றினார். குழியை அப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அதற்குப் பிறகு அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மயிர் முளைத்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய செடி தளிர்ப்பதுபோல ஒரே சீராக, ஒரே நீளத்தில், புண் இருந்த இடம் இல்லாத இடம் என்ற வித்தியாசமில்லாமல் வெள்ளை வெளேரென்று எழும்பியிருந்தது. தட்டில் வைத்த ரொட்டியை முகர்ந்து நக்கியதே தவிரத் தின்னவில்லை. அது நக்கிய ரொட்டி மறுநாளும் அப்படியே கிடந்தது, எறும்பு வரவில்லை. வாசலில் வெயிலில் படுத்தால், கோழிகள் அது படுத்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு மேய்ந்தன. கறுப்பு நாய் அதைக் கண்டதும் குரைப்பதை நிறுத்தி, வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு பீலிப் பக்கம் போய்விட்டது. வீடு முழுக்க ஒரு மணம் இருந்தது, நாய் மணம் அல்ல, மருந்து அடித்த மறுநாள் மலையில் நடந்தால் தொண்டையில் கசக்குமே, அந்த மணம்.

சத்தமும் இல்லை. இரண்டு மாதம் அந்த டக் டக்கைத் திட்டிக்கொண்டே தூங்கியவர், இப்போது அது இல்லாமல் விழித்துக் கிடந்தார்.

மத்தியானத்தில் அதைக் காணவில்லை என்றால் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரத்தக்காளி மரத்தடி. குழிக்குள் இறங்கிச் சுருண்டு படுத்திருக்கும். அளவு சரியாக இருந்தது. அளவெடுத்து வெட்டியவர் அவர்தானே.

புதன்கிழமை அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். மூடுபனி இறங்கி ஆள் நடமாட்டம் ஓய்ந்த நேரம். பொப்பி குழிக்குள் இருந்தது. அவர் மண்வெட்டியில் மண்ணை அள்ளினார். என்ன செய்கிறார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. செத்ததைப் புதைக்கிறாரா, உயிரோடு இருப்பதையா. முதல் மண் முதுகில் விழுந்தது. பொப்பி தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது மண் விழுந்தது. வாலை ஆட்டியது. பெற்றீசியா வேலை முடிந்து வரும்போது எப்படி ஆட்டுமோ அப்படி. மண் விழ விழ ஆட்டியது. கழுத்து வரை மண் ஏறியபோது உள்ளேயிருந்து மண் அசைந்தது. உள்ளேயும் ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையாலேயே தோண்டி வெளியே எடுத்தார். கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. அதைத் தூக்கியது அதுதான் கடைசி.

இல்லை, இன்னொரு தடவை தொட்டார். வியாழக்கிழமை. டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று பையை எடுத்தவர், டாக்டர் குழாயை அதன் நெஞ்சில் வைத்துவிட்டு என்ன சொல்வார் என்று நினைத்தபோது பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். முதலில் நானே கேட்டுப் பார்க்கிறேன் என்று தரையில் படுத்து, பொப்பியின் விலாவில் காதை வைத்தார். துடிப்பு இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. காய்ந்த தேயிலையைக் கையால் அளைகிற சத்தம். உள்ளே. மெதுவாக. நிற்காமல்.

வெளியே சொறிவதுதான் நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் டெல்சி கோல் எடுத்தாள்.

“சனிக்கெழம மத்தியானம் பஸ்ல வந்துருவேன். பொப்பி எப்புடி இருக்கு?”

சொல்லிவிடலாம். ‘நானா ஒன்னு பண்ணிட்டேன் புள்ள’ என்று ஒரு வரி. அதற்கு அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று வார்த்தையை இன்னொரு தடவை கேட்க அவர் உடம்பில் தெம்பு இல்லை.

“மயிரெல்லாம் வந்திருச்சு” என்றார். “சொறியவே இல்ல.”

மறுமுனையில் டெல்சி அழுகிற மாதிரி சிரித்தாள்.

சனிக்கிழமை அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். அம்மாவின் முகவெட்டு இன்னும் கூடிவிட்டிருந்தது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு, ஓடிவந்த பொப்பியைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். அது அவள் காதை, கன்னத்தை, வாயை நக்கியது. ‘அதை விடு புள்ள’ என்று சொல்ல அமிர்தநாதன் ஒரு அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்ன இவ்வளவு ஜில்லுனு இருக்கு?”

“குளிர்தானே புள்ள.”

“நல்லா பாத்துக்கிட்டீங்கப்பா.” அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. “நான் நம்பல. டாக்டர் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கீங்க.”

இரவு அவளே சமைத்தாள். சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் தின்றார். ஒரு வாரமாக ரொட்டி மட்டும் தின்றுகொண்டிருந்த வயிறு அது. நாளைக்குப் பூசை முடியட்டும், கல்லறையில் வைத்தே சொல்லிவிடுவோம், நாளைக்குப் பார்ப்போம் என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் அது யாருக்குச் சொன்ன வார்த்தை என்று ஞாபகம் வந்தது.

டெல்சி அம்மாவின் கட்டிலில் படுத்தாள். பொப்பியையும் கம்பிளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“படுக்கையில ஏத்தாத புள்ள. தொத்தும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“அதான் சொகமாயிருச்சேப்பா. அம்மா வாசம் அடிக்குது இதுல. விடுங்க.”

அதில் அம்மா வாசம் இல்லை. அவர் திரைச்சேலையை இழுத்துவிட்டுத் தன் பாயில் வந்து படுத்தார்.

விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சொறிகிற சத்தம். அமிர்தநாதன் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு நிறைந்து போனது. சொறிகிறது! பொப்பி சொறிகிறது, அரிப்பு இருக்கிறது, உயிர் இருக்கிறது. அழுகையும் சிரிப்புமாகக் காதைக் கொடுத்துக் கேட்டார். டக் டக் இல்லை. கால் பலகையில் அடிபடவில்லை. இது நகம். மனுச நகம், மனுசத் தோலில்.

“டெல்சி.”

“ம்ம்?”

“என்ன புள்ள?”

“கை அரிக்குதுப்பா. ஒன்னுமில்ல. படுங்க.”

அவர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். திரையைத் தூக்கவில்லை. இப்போது சொல்ல வேண்டும். இப்போது. சொன்னால் அவள் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும். வாயைத் திறந்தார். அதற்குள் சொறிவது நின்றுவிட்டது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தார்.

காலையில் அவருக்கு முன்னால் அவள் எழுந்துவிட்டிருந்தாள். படுக்கை மடித்திருந்தது. வெளியே வந்தார். நல்ல வெயில். புல்லெல்லாம் வெள்ளை. தூரத்தில் கோயில் மணி முதல் தடவை அடித்தது. டெல்சி பூசைக்கு உடுத்திக்கொண்டு, செருப்பில்லாத காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பொப்பி.

“கால்ல செருப்பு போடு புள்ள” என்றார். புகை வந்தது.

அவள் திரும்பினாள். முகம் தெளிந்திருந்தது. கையில் நேற்று இரவு சொறிந்த கோடு ஒன்றுகூட இல்லை. ஒரே சீரான தோல். கோழிகள் தூரத்தில் நின்றன.

“அப்பா” என்றாள். கிட்ட வந்தாள். “அம்மா விசயத்துல நான் ஒங்கள ரொம்பப் பேசிட்டேன். வேணும்னு நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும். மன்னிச்சிருங்கப்பா.”

ஒரு வருடம் அவர் முழங்காலிட்டுக் கேட்ட வார்த்தை. ஒவ்வொன்றாக வந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. பல் தெரிந்தது.

அவள் அவர் நெஞ்சில் தலையைச் சாய்த்தாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டார். மகளல்லவா, எப்படித் தள்ளுவார். வாயைத் திறந்து அழுதார். மூன்று பேர் நின்ற வாசலில், அந்த வெயிலில், அவர் வாயிலிருந்து மட்டும் புகை போய்க்கொண்டிருந்தது. பொப்பி வாலை ஆட்டியது.